குடும்ப நிலம் வெளியாள் கைக்குப் போகாமல் வாங்க: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா காலமாகித் தலைத்திவசம் முடிந்த கையோடு பல வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பிக்கும். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் துபாயில், அக்காவைக் கட்டிக்கொடுத்தது சங்கரன்கோவிலில். ஊரில் மிச்சம் இருப்பது அம்மாவும், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வயலும், மேட்டில் கொஞ்சம் தோட்டமும்தான். வாழை போட ஒருத்தர் வந்து கேட்கிறார், பிளாட் போட இன்னொருத்தர் கேட்கிறார். “வெளியாளுக்குப் போறதுக்கு நம்மள்ல ஒருத்தர் எடுத்துக்கிட்டா என்ன?” என்று யாராவது சொல்வார்கள். எடுத்துக்கொள்ளப் போகிறவர் நீங்கள் என்றால் மேலே படியுங்கள்.

உடன்பிறந்தாரிடம் நிலம் வாங்குவது சுலபம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அதுதான் சிக்கல் பிடித்தது. அந்நியரிடம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்போம், அளப்போம், ஒரு ரூபாய்க்குக்கூட ரசீது கேட்போம். சொந்தத்தில் இதையெல்லாம் கேட்டால் “என்னை நம்பலியா?” என்று முகம் சுருங்கும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து பாதிப் பேருக்குப் பணம் கொடுத்து, மீதிப் பேரிடம் வாய்வார்த்தை வாங்கி, பட்டாவைத் தாத்தா பெயரிலேயே விட்டுவைப்பார்கள். அடுத்த தலைமுறை பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலில் நிற்கும். ஆகவே என் கட்சி இதுதான்: காகிதத்தில் அந்நியர்போல இருங்கள், விலையில் வேண்டுமானால் அண்ணன் தம்பியாக இருந்துகொள்ளுங்கள். தலைகீழாகச் செய்துதான் குடும்பங்கள் முறிகின்றன.

முதலில் ஆட்களைக் கணக்கெடுங்கள்

பத்திர எழுத்தரிடம் ஓடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் வம்சாவளி வரையுங்கள். அப்பாவிலிருந்து தொடங்காதீர்கள். பட்டாவும் தாய்ப்பத்திரமும் (நிலத்தின் மூலப் பத்திரம்) யார் பெயரில் கடைசியாக நிற்கிறதோ அவரிலிருந்து தொடங்குங்கள். தாத்தா பெயரில் நின்றால், அப்பாவின் அண்ணன் தம்பிகள் மட்டுமில்லாமல் அத்தைமார்களும் கணக்கில் வருவார்கள். “அத்தைக்கு அந்தக் காலத்திலேயே சீர் செஞ்சாச்சே” என்பது வீட்டுப் பேச்சு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. அத்தை எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்துக் குடும்பம் என்றால், அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி உயில் எழுதாமல் இறந்த நிலத்தில் அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற ஆச்சி உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு 1989-லேயே உரிமை கொடுத்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்கள் அதில் வரவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்த வேறுபாடு போனது. மகளுக்கு உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினையை அது கலைக்காது. எனவே கல்யாணமாகிப்போன அக்கா தங்கச்சிகளின் கையெழுத்து கடைசியில் பார்த்துக்கொள்கிற வேலை ஆகாது. அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

நெல்லைச் சீமையில் பாதி ஊர்களில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கும், கணக்கும் அதற்கேற்ப மாறும். கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் ஆண் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் சமம். முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மகனுக்கு மகளைப்போல் இரண்டு மடங்கு. தாத்தா, பாட்டி உயிரோடு இருந்தால் அவர்கள் பங்கும் நுழையும். ஜமாஅத்திலோ விவரமான வக்கீலிடமோ பின்னக் கணக்கை எழுதியே வாங்கிவிடுங்கள்.

கூடப் பிறந்தவர்களில் யாராவது அப்பாவுக்குப் பிறகு இறந்திருந்தால் அவர்களுடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இந்துச் சட்டப்படி, மைனருக்கு வாரிசாக வந்த பங்கை மைனி (அண்ணன் மனைவி) தாயாராக நின்று கையெழுத்துப் போட்டு விற்க, முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பையன் மேஜராகி மூன்று வருஷத்துக்குள் “எனக்குச் சம்மதமில்லை” என்று வழக்குப் போட முடியும். அனுமதி வாங்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதற்குச் சோம்பல்பட்டால், பையன் மேஜராகும்வரை அவன் பங்கை மட்டும் அவன் பெயரிலேயே விட்டு, வருஷ பாட்டத்தை (குத்தகைத் தொகையை) அவன் பெயரில் வங்கியில் போடுவது நல்ல வழி.

ஒவ்வொரு இறப்புக்கும் இறப்புச் சான்றிதழும், தாசில்தார் கொடுக்கிற வாரிசுச் சான்றிதழும் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். ‘சுப்பையா’ ஒரு சான்றில் ‘சுப்பையா பிள்ளை’ என்றும் இன்னொன்றில் ‘சுப்பைய்யா’ என்றும் இருந்தால், பதிவு நாளில் அது தனி வழக்காகிவிடும்.

காகிதம்

பட்டா, அ-பதிவேடு (ஊர் நிலங்களின் வகையும் பரப்பும் உள்ள பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் எடுத்துவிடலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனு போட வேண்டும். குடும்ப நிலம்தானே என்று கடைசிப் பத்து வருஷத்தை மட்டும் பார்க்காதீர்கள். அப்பா ஒரு காலத்தில் ஒரு துண்டை ஒத்திக்கு வைத்து, மீட்டபிறகு ரத்துப் பத்திரம் போடாமல் விட்டிருப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய அடமானக் கடன் அடைந்த பிறகும் பதிவில் அப்படியே நிற்கும்.

பட்டாவில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். எனும் பதிவேடு சீரமைப்பின்போது பெயர் மாறி ஏறிய நிலங்கள் இங்கே ஏராளம். தாய்ப்பத்திரம் உங்கள் தாத்தா பெயரில் இருக்க, பட்டா பக்கத்து வயல்காரர் பெயரில் இருக்கும், அவருக்கே அது தெரியாது. அப்படியானால் வருவாய்த்துறையில் மனுச்செய்து திருத்தியபிறகு விலை பேசுங்கள். இன்னொன்று பரப்பு. பட்டாவில் ஹெக்டேர்-ஏர்ஸில் இருக்கும். ஒரு ஏர்ஸ் ஏறக்குறைய 2.47 சென்ட். பழைய பத்திரத்தில் ‘ஒரு கோட்டை நாலு மரக்கால் விதைப்பாடு’ என்று இருக்கும். கோட்டைக்கு 21 மரக்கால் என்பது நம் பக்கத்து வழக்கம் என்றாலும், ஒரு கோட்டை விதைப்பாட்டுக்கு எத்தனை சென்ட் என்பது ஊருக்கு ஊர், சில நேரம் ஒரே ஊரில் வயல்வெளிக்கு வயல்வெளி வேறுபடும். பெரியவர்கள் வாய்க்கணக்கில் சொல்கிற பரப்பை வைத்து விலை முடிக்க வேண்டாம்.

கோயில் நிலமா, இனாம் நிலமா, பஞ்சமி நிலமா என்பதை அ-பதிவேட்டில் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான வயல்கள் நிறைய. மூன்று தலைமுறையாக நம் தாத்தா பயிர் வைத்தார் என்பதாலேயே நிலம் நம்முடையது ஆகிவிடாது. அது குத்தகை உரிமையாக இருக்கலாம். அதற்குக் கிரயப் பத்திரமும் (விற்பனைப் பத்திரம்) விடுதலைப் பத்திரமும் எழுதினால் பதிவே நடக்காது.

வரப்பில் நடந்து பாருங்கள்

சென்னையிலிருந்து வந்து காரிலிருந்து இறங்காமல் “நம்ம வயல் அதுதானே” என்று கைகாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் வாங்கப் போகிறவர். ஒரு காலைப்பொழுது முழுக்க, தண்ணீர் பாய்ச்சுகிறவரைக் கூட வைத்துக்கொண்டு நடங்கள். நம் பக்கத்தில் நிலத்தின் விலை மண்ணில் பாதி, தண்ணீரில் பாதி.

கால்வாய்ப் பாசன வயல் என்றால் எந்த மடையில் தண்ணீர் வருகிறது, மடையிலிருந்து எத்தனை வயல் தாண்டி வருகிறது என்று கேளுங்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் தண்ணீர் கொடுக்கக் கட்டப்பட்டவைதான். ஆனால் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் இருப்பு குறைந்த வருஷத்தில் கார் போகம் தவறும். கடைமடைக்காரருக்கு அடி முதலில் விழும். ஒரே கால்வாயில் தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒரே விலை ஆகாது. மானூர்ப் பக்கம் குளத்தை நம்பிய நிலம் என்றால், குளம் கடைசியாக நிறைந்தது எப்போது, மறுகால் பாய்ந்தது எப்போது என்று கேளுங்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிமண் (செம்மணல்) தோட்டங்களில் கேள்வியே வேறு: கிணறு எத்தனை அடி, தண்ணீர் உப்பா, பனை எத்தனை நிற்கிறது, பக்கத்தில் காற்றாலைக்காரர்கள் பாதை கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்களா. களக்காடு, திருக்குறுங்குடி மலையடிவார வாழைத்தோட்டம் என்றால் பன்றி வராமல் இருக்க வருஷத்துக்கு என்ன செலவாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிணறு பொதுவில் இருந்தால் அதில்தான் பிற்காலச் சண்டை ஒளிந்திருக்கிறது. தாத்தா வெட்டிய கிணற்றில் நாலு பங்காளிக்கும் உரிமை, மோட்டார் ஒருவருடையது, மின் இணைப்பு காலமான பெரியப்பா பெயரில், தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை. இதெல்லாம் எழுத்தில் இருக்காது. பத்திரத்தில் ‘கிணற்றில் 4-இல் 1 பங்கும், அதிலுள்ள மின்மோட்டார், மின் இணைப்பு, மாமூல் முறைத்தண்ணீர் பாய்ச்சும் உரிமையும், வாய்க்கால், வண்டிப்பாதை, நடைபாதைப் பாத்தியங்களும்’ என்று எழுதியிருந்தால்தான் அவை உங்களோடு வரும். சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் மட்டும் எழுதிவிட்டு வந்தவர்கள், டிராக்டர் இறக்க வழியில்லாமல் பக்கத்துப் பங்காளியிடம் கெஞ்சுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பாதை புலப்படத்தில் இருக்கிறதா, அல்லது உறவின் தயவில் போகிறோமா என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உறவின் தயவு, உறவு இருக்கும்வரை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரமும் குளத்துக்குக் கீழும் உள்ள பல வயல்களில் மணல் மேடிட்டது, வரப்பும் எல்லைக்கல்லும் போயின. அப்படிப்பட்ட நிலத்துக்கு அரசு நில அளவருக்கு மனுப்போட்டு, கட்டணம் கட்டி அளந்து கல் ஊன்றிய பிறகே மேலே போங்கள். அளக்கும் நாளில் நான்கு பக்கத்து வயல்காரரும் அங்கே நிற்க வேண்டும்.

பயிர் வைப்பவர் யார் என்பதும் முக்கியம். வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) பாட்டத்துக்கோ ஒருவர் பல வருஷமாகத் தன் உழைப்பில் பயிர் செய்தால், 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் பக்கம் பேசும். ‘காலி பண்ணிக்கிடும் அண்ணாச்சி’ என்று வாயால் சொல்லி முடிகிற விஷயமில்லை. அவரிடம் முதலிலேயே பேசி, தொடர்வதானால் தொடர்கிற நிபந்தனையை, விலகுவதானால் விலகுகிற தொகையை எழுதிக்கொள்ளுங்கள். வாழை நிற்கிறது என்றால் தார் வெட்டும்வரை காத்திருப்பதுதான் மரியாதை.

விலை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மூன்று விலை உண்டு: பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, வெளியாள் கொடுக்கத் தயாராக இருக்கும் சந்தை விலை, குடும்பத்துக்குள் பேசுகிற விலை. மூன்றையும் ஒரே தாளில் எழுதி எல்லார் முன்னாலும் வையுங்கள். சந்தை விலையை மறைத்துக் குறைந்த விலைக்கு முடிப்பது அப்போதைக்கு ஆதாயமாகத் தெரியும். அடுத்த மாதமே பக்கத்து வயல் என்ன விலைக்குப் போனது என்று தங்கச்சி மாப்பிள்ளை விசாரித்துவிடுவார்.

சந்தை விலையைத் தெரிந்துகொள்ள ஒரு புரோக்கரை மட்டும் நம்பாதீர்கள். அதே ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்), அதே மடை வரிசையில், கடைசி இரண்டு வருஷத்தில் நடந்த கிரயங்களை விசாரியுங்கள். பத்திரத்தில் காட்டிய தொகையும் கைமாறிய தொகையும் வேறாக இருக்கும் என்பதால் வாங்கியவரிடமே கேட்பது நல்லது.

அதன்பின் கழிவும் கூட்டலும். ஊரில் இருந்து அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்ட தம்பி, சொந்தச் செலவில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருப்பார், கடனை அடைத்திருப்பார். அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதேபோல் இத்தனை வருஷம் விளைச்சலை அவரே எடுத்துக்கொண்டதையும் சொல்ல ஒருவர் இருப்பார். இரண்டையும் ரூபாய்க் கணக்கில் நுணுக்கிப் பார்க்கத் தொடங்கினால் விடியாது. “போனதுக்கும் வந்ததுக்கும் சரி” என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டு, போர், மோட்டார்போல ரசீது உள்ள பெரிய செலவுகளை மட்டும் கழிப்பதே பெரும்பாலும் நிலைக்கிறது. குடும்ப விலை சந்தை விலையைவிடக் குறைவாக இருப்பதில் தவறில்லை. எவ்வளவு குறைவு, ஏன் குறைவு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

குறைந்த விலைக்குக் கொடுக்கிறவர் மனதில் ஒரு கேள்வி இருக்கும்: நாளைக்கு இவன் பிளாட் போட்டு விற்றால்? அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே பதில் சொல்லுங்கள். ‘பத்து வருஷத்துக்குள் விற்றால் முதலில் உடன்பிறந்தாரிடம் கேட்க வேண்டும், வெளியே விற்றால் இன்றைய விலைக்கு மேல் கிடைப்பதைப் பங்குப்படி பிரிக்க வேண்டும்’ என்று ஓர் ஒப்பந்தம் தனியாக எழுதிக்கொள்ளலாம். வக்கீல் பார்த்து எழுதட்டும். விலை பேசும்போது பத்து வாக்குவாதத்தை இந்த ஒரு தாள் மிச்சம் பிடிக்கும்.

எங்கே, எப்போது பேசுவது? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எல்லாரும் வருவார்கள், அல்லது சுடலைமாடசாமி கொடைக்கு. ஆள் சேருவதற்கு அது வசதி, ஆனால் கொடை நாளிலேயே பேச உட்காராதீர்கள். சாமியாட்டமும் படைப்பும் முடிந்து, அலுப்புத் தீர்ந்து, மறுநாள் சாயங்காலம் உட்காருங்கள். மருமக்கள், மாப்பிள்ளைமார்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவு வீட்டுக்குப் போனதும் அவர்கள் எழுப்பப் போகிற கேள்வியை நடுக்கூடத்திலேயே எழுப்பட்டும். பேசி முடித்ததை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு, எல்லாருக்கும் போட்டோ அனுப்பிவிடுங்கள். சட்டப்படி அது கிரயம் ஆகாது. ஆனால் “நான் அப்படிச் சொல்லலியே” என்ற பேச்சு வராது.

குலசாமி பீடம் அந்த நிலத்துக்குள் இருந்தால் அதற்கு விலை போடாதீர்கள். பீடமும் அதைச் சுற்றி ஒன்றிரண்டு சென்டும் போகவரப் பாதையும் எல்லார் பெயரிலும் பொதுவில் நிற்கட்டும். மீதியை வாங்குங்கள்.

எந்தப் பத்திரம்

நான்கு வகை உண்டு, செலவில் பெரிய வித்தியாசமும் உண்டு.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் தான செட்டில்மென்ட்டுக்கும் (விலையில்லாமல் எழுதிக் கொடுப்பது) முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். பாகப்பிரிவினைக்கும் இதே விகிதம், பங்குக்கு இவ்வளவு என்று. இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. எழுதுகிற வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலத்தின் மதிப்பு 40 லட்சம், நான்கு பேருக்குச் சமபங்கு, நீங்கள் மற்ற மூவரின் பங்கையும் எடுக்கிறீர்கள். கிரயமாக எழுதினால் 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய் போகும். ஆளுக்கு ஒரு விடுதலைப் பத்திரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 10,000-மும் 10,000-மும் ஆக மூன்றுக்கும் 60,000 ரூபாய். கணினிக் கட்டணம், எழுத்துக்கூலி தனி. இந்தக் குறைந்த கட்டணம் அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற வட்டத்துக்குள்தான். சித்தப்பா மகன், அத்தை மகள் என்று தள்ளிப்போனால் வம்சாவளித் தாளைச் சார்பதிவாளரிடம் காட்டி, எந்தக் கட்டணம் என்று கேட்டபிறகே பத்திரத்தாள் வாங்குங்கள்.

விடுதலைப் பத்திரத்தில் பணம் வாங்கிக்கொண்டு உரிமையை விடுவதாக எழுதலாம், தொகையையும் எழுதலாம். பலர் பணம் கொடுத்துவிட்டு, செலவு குறையும் என்று ‘அன்பின் பேரில்’ தான செட்டில்மென்ட் எழுதச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். கொடுத்த பணத்துக்கு எழுத்தில் தடயம் இருக்காது, வாங்காத பணத்தைக் கேட்கவும் எழுதிக் கொடுத்தவருக்கு வழியிருக்காது. அம்மா தன் பங்கை உண்மையாகவே உங்களுக்குக் கொடுக்க விரும்பினால் அதுதான் செட்டில்மென்ட்டுக்குப் பொருத்தமான இடம். அப்போதும் அம்மா உயிரோடு இருக்கும்வரை வருமானம் அவர்களுக்கே என்ற ஆயுள்கால அனுபவ உரிமையை எழுதுங்கள். கவனித்துக்கொள்வதாக நிபந்தனை எழுதி, பிறகு கவனிக்காவிட்டால் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் அதை ரத்துசெய்யக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த நிபந்தனை இருக்கட்டும் என்று மற்ற பிள்ளைகள் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

எல்லாரும் விற்கவில்லை, ஒருவர் தன் பங்கை வைத்துக்கொள்கிறார் என்றால் முதலில் பாகப்பிரிவினை செய்து அவர் துண்டைத் தனியே அளந்து பிரியுங்கள். பிரிபடாத பங்கை அப்படியே விட்டுவைப்பதுதான் பிற்பாடு வெளியாள் நுழைகிற ஓட்டை.

பணமும் வெளிநாட்டுக்காரர்களும்

விவசாய நிலம் வாங்க வங்கிக் கடன் வீட்டுக் கடன்போலச் சுலபமாகக் கிடைக்காது. கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமல் சொத்தை எடுக்கும் சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதனால் வங்கிகள் தயங்கும். நடைமுறையில் நகைக் கடனும் சேமிப்பும் தவணையும்தான். தவணை என்றால், முழுப் பணமும் கொடுத்து முடிக்கும்வரை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று பேரில் ஒருவருக்கு முழுசாகக் கொடுத்து மற்றவர்களை நிறுத்திவைக்காதீர்கள். எல்லாருக்கும் சமமான தவணை.

எல்லாம் வங்கி வழியாக. நிலத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரும். விற்பவருக்கு இன்னொரு கேள்வி: கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகராட்சி எல்லைக்குள்ளோ, 10,000 முதல் 1 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளோ, 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்குள்ளோ இருந்தால் அது கிராமப்புறம் ஆகாது. திருநெல்வேலி மாநகராட்சியைச் சுற்றி உள்ள வயல்கள் இந்த 6 கிலோமீட்டரில் நிறைய மாட்டும். பங்கு கொடுக்கிற அக்காவுக்கு வரி வருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு, விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

வாங்க நினைப்பவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ குடியிருப்பவர் என்றால் இது மிக முக்கியம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம், இங்கே வசிப்பவருக்கு விற்கலாம். “தம்பி பேர்ல பத்திரம், பணம் என்னுது” என்று போகிறவர்கள் பினாமிச் சட்டத்தின் வாயில் தலையைக் கொடுக்கிறார்கள். ஊரோடு திரும்பி வந்தபின் வாங்கலாம், அல்லது ஊரில் உள்ள உடன்பிறந்தவர் தன் பணத்தில் வாங்கட்டும்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். உடன்பிறந்தவர் பவரை வாங்குகிறவரே வாங்கி, அவரே தனக்கு எழுதிக்கொள்வது பார்வைக்கே நன்றாயில்லை. பவர் இன்னொருவர் பெயரில் இருக்கட்டும்.

ஒருவர் மட்டும் ஒத்துவரவில்லை என்றால்

அவர் வெளியாளிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து முதல்நிலை வாரிசுகளுக்கு (அம்மா, மனைவி, பிள்ளைகள் போன்றோர்) சேர்ந்து வந்திருந்து, அவர்களில் ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், மற்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. விலையில் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றம் விலை நிர்ணயிக்கும். இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தப் பிரிவு இல்லை. வக்கீல் நோட்டீஸ் போடுவதற்கு முன்னால் அவர் மதிக்கிற ஒரு மாமாவை அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் கேட்பது பணம்கூட இல்லை, ‘என்கிட்ட ஏன் கடைசியா சொன்னீங்க’ என்பதுதான்.

பதிவுக்குப் பின்

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாற வேண்டும். முழு சர்வே எண்ணும் கைமாறியிருந்து, எழுதிக் கொடுத்தவர் பெயரும் பட்டாப் பெயரும் பொருந்தினால் பதிவோடு தானாகவே மாறக்கூடும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் மனுவும் அளவையும் வேண்டும். இழுத்தடித்தால் வருஷாவருஷம் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் (வருவாய்க் கணக்குத் தணிக்கை) மனுக் கொடுங்கள். பசலி (வருவாய்த்துறைக் கணக்கு வருஷம்) ஜூலையில் பிறக்கிறது. அதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கு) உங்கள் பெயரும் பயிரும் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தீர்வை ரசீதை உங்கள் பெயரில் வாங்கத் தொடங்குங்கள். இலவச மின் இணைப்பைப் பெரியப்பா பெயரிலிருந்து மாற்றுவது அலைச்சல் பிடித்த வேலை, தள்ளிப்போடாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் நடக்கும்.

கடைசியாக ஓர் உயில். முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சி போடுகிறவர்கள் உயிலில் பங்கு பெறாதவர்களாகவும், வயதில் உங்களுக்கு இளையவர்களாகவும் இருக்கட்டும்.